‘ஈச் அதர்’ எப்போது, ‘ஹேவ் நோன்’ எதற்கு?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். நானும் நண்பனும் 2015லிருந்து பழக்கம் என்பதை ‘மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ நோ ஒன் அனதர் சின்ஸ் 2015’ என்று எழுதினேன். இரண்டு தவறு என்கிறார்கள். எங்கே?

பதில்: ஒன்றுதான் நிஜமான தவறு, அது ‘நோ’. “அவனைப் பத்து வருஷமாத் தெரியும்” என்று தமிழில் சொல்லிப் பழகியதால் கை தானாக அப்படி எழுதிவிடுகிறது. ஆனால் எப்போதோ தொடங்கி இன்னமும் தொடர்கிற விஷயத்தை ‘சின்ஸ்’ போட்டுச் சொல்லும்போது ஆங்கிலத்தில் ‘ஹேவ் நோன்’தான் வர வேண்டும். ‘ஹேவ் பீன் நோயிங்’ என்று நீட்டிவிடாதீர்கள், நோ, பிலாங் மாதிரியான வினைகள் ‘இங்’ ஏற்பதில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் நம்மிடம் ஏராளம்: ‘வீ ஹேவ் மெட் யெஸ்டர்டே’. நேற்று முடிந்துபோன காலம், அங்கே ‘ஹேவ்’ நுழையவே கூடாது, வெறும் ‘மெட்’ போதும். உங்கள் 2015ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், ‘இன் 2015’ என்றால் ‘வீ மெட்’, ‘சின்ஸ் 2015’ என்றால் ‘வீ ஹேவ் நோன்’. ஆண்டு அதேதான், முன்னால் நிற்கிற சின்னச் சொல்தான் காலத்தைத் தீர்மானிக்கிறது. பதில் எழுதும் முன் முதலில் அதைத் தேடுங்கள்.

சரி, ‘ஒன் அனதர்’. இரண்டு பேருக்கு ‘ஈச் அதர்’, அதற்கு மேல் ‘ஒன் அனதர்’ என்பது பள்ளி இலக்கணத்தின் விதி. இதற்கு ஆதாரமில்லை என்று ஃபவுலர் 1926லேயே தன் ஆங்கில வழக்கு அகராதியில் எழுதிவிட்டார், நல்ல எழுத்தாளர்கள் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் எழுதுகிறார்கள். தேர்வில் மட்டும் பழைய விதிப்படியே டிக் செய்யுங்கள், மதிப்பெண்ணை ஏன் விட வேண்டும்?

நான் கவலைப்படுவது வேறு இடத்தில். ‘தே டாக் ஈச் அதர்’ என்று நடுவில் வர வேண்டிய ‘டு’வை விழுங்கிவிடுகிறோம். ‘ஈச் அதர்ஸ்’ எழுதும்போது அபாஸ்ட்ரஃபியை எஸ்ஸுக்குப் பின்னால் போடுகிறோம், அது எப்போதும் முன்னால்தான். அப்புறம் ‘தெம்செல்வ்ஸ்’ குழப்பம். ‘தே பிளேம்ட் தெம்செல்வ்ஸ்’ என்றால் தப்பு தங்கள் மேல்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள், ‘தே பிளேம்ட் ஈச் அதர்’ என்றால் இவர் அவரைச் சொன்னார், அவர் இவரைச் சொன்னார். அலுவலகக் கடிதத்தில் இது மாறிப்போனால், சண்டை போட்ட இருவரும் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.