அல்பாக்கா துறைதான் வேண்டும் என்கிற மகள்: ஒரு தாய்க்கு என் பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், மாடும் வேண்டாம் நாயும் வேண்டாம், தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் ரோமத்துக்காக வளர்க்கும் அல்பாக்காவின் இனவிருத்திதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "அது ஒரு தொழிலா, இல்லை அழகான விலங்கைப் பார்த்து வந்த ஆசையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு முடிந்ததும் சேமிப்பை எடுத்து நல்ல பரம்பரையில் வந்த நாலைந்து விலங்குகளை வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

காரணம் இருக்கிறது. அமெரிக்காவுக்கு 1984-ல் அல்பாக்காக்கள் வணிகத்துக்காக வரத் தொடங்கின. 1998-ல் அங்கிருந்த இனப்பதிவேடு, வெளியிலிருந்து இறக்குமதியாகும் விலங்குகளைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. பதிவுள்ள விலங்குகள் குறைவு, வாங்க வருபவர்கள் அதிகம். விலை ஏறிக்கொண்டே போனது. ஆனால் அந்த விலை ரோமத்திலிருந்து வரவில்லை. ஒருவர் வளர்த்ததை அடுத்தவர் இனவிருத்திக்காக வாங்குவார், அவர் இன்னொருவருக்கு விற்பார். ரோமத்தை விற்று, போட்ட முதலீட்டைத் திரும்ப எடுக்கவே முடியாது என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகப் பொருளியலாளர்கள் இருவர் 2007-ல் கணக்குப் போட்டுக் காட்டி, இது ஊகக் குமிழி, அதாவது இன்னும் ஏறும் என்ற நம்பிக்கையில் மட்டும் ஊதிப்போன விலை என்று எழுதினார்கள். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு விலை விழுந்தது. பலர் விலங்குகளை இலவசமாகக் கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள். உங்கள் சேமிப்பை அந்த வழியில் போகவிட எனக்கு மனம் இல்லை.

ஆனால் உங்கள் மகள் கேட்பது பண்ணை அல்ல. நீங்கள் அனுப்பிய அவளுடைய குறிப்பில் "இனத்தரம் நிர்ணயிப்பது" என்று எழுதியிருக்கிறாள். அந்தச் சொல்லில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

அல்பாக்காவில் இரண்டு வகை. ஹுவாகாயாவுக்கு ரோமம் நெளிநெளியாகச் சுருண்டு உடம்பிலிருந்து எழுந்து நிற்கும். சூரிக்கு சடைசடையாகப் பளபளவென்று தொங்கும். எது நல்ல விலங்கு என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கண்காட்சி நடுவரின் வழி. ஆலைக்காரர் கேட்பது வேறு: இழையின் சராசரித் தடிமன் எத்தனை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஒரே விலங்கின் இழைகளுக்குள் எவ்வளவு ஏற்றத்தாழ்வு, 30 மைக்ரானுக்கு மேல் எத்தனை சதவீதம். தோலில் குத்துவது அந்தத் தடித்த இழைகள்தான். இரண்டு விலங்குகளுக்கும் சராசரி 21 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தடித்த இழை 2 சதவீதம், மற்றதில் 9 சதவீதம் என்றால், ஆலைக்கு அவை இரண்டு வேறு சரக்குகள். 'பேபி அல்பாக்கா' என்று கடையில் விற்கும் துணி குட்டியின் ரோமம் என்று நினைத்திருப்பீர்கள். அது வயதைக் குறிக்கும் பெயர் அல்ல, நுண்மையின் தரப்பெயர். பெருவின் வகைப்பாட்டில் 23 மைக்ரானுக்குள் இருந்தால் போதும், எந்த வயது விலங்கிலிருந்து வந்தாலும் சரி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத்தான் அவள் ஆழமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நன்றாகத் தின்னும் அல்பாக்காவுக்கு இழை தடிக்கும், பட்டினி கிடப்பதற்கு மெலியும். வயது கூடினாலும் தடிக்கும். ஆகவே ஆய்வகத் தாளில் ஒரு விலங்கு 18 மைக்ரான் என்று இருந்தால் அது பரம்பரையின் பலனா, மேய்ச்சல் இல்லாததன் பலனா என்று அந்த எண் மட்டும் சொல்லாது. பரம்பரையின் பங்கைப் பிரித்தெடுக்க வம்சாவளி வேண்டும், ஒரே மந்தையில் ஒரே ஆண்டு அளந்த உறவு விலங்குகளின் பதிவுகள் வேண்டும், அதற்கான புள்ளியியல் வேண்டும். ஆடு, மாடு வளர்ப்பில் இந்த மரபுமதிப்பீடு பழகிப்போன சங்கதி. அல்பாக்காவில் பல நாடுகளில் இன்னும் கண்காட்சி ரிப்பனைப் பார்த்துத்தான் பொலி ஆணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரிப்பன் வாங்கிய சில ஆண்களே எல்லாப் பெண்களோடும் சேர்க்கப்பட்டால், சிறிய மந்தைகளில் இரத்தம் எவ்வளவு வேகமாக நெருங்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வேகமாகத் திருத்தவும் வழியில்லை. பெண் அல்பாக்கா சினையாகி ஈனுவதற்கு ஏறத்தாழ பதினொன்றரை மாதம், பெரும்பாலும் ஒரே குட்டி. ஆணின் விந்து மிகவும் பிசுபிசுப்பானது, உறையவைத்து அனுப்புவது கடினம். மாட்டுக்குச் செயற்கைக் கருவூட்டல் தந்த வேகம் இங்கே வரவில்லை. ஆகவே இன்று தவறான தரத்தை வகுத்தால் அந்தத் தவறு பல தலைமுறை நிற்கும்.

தெற்குப் பெருவின் எல் யரால் என்னும் இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பழைய அல்பாக்கா மம்மிகள் கிடைத்தன. ஜேன் வீலர் என்ற ஆய்வாளரின் குழு அவற்றின் ரோமத்தை அளந்தபோது, இன்றைய விலங்குகளைவிட நுண்மையாகவும் சீராகவும் இருந்தது தெரிந்தது. ஸ்பானியர் படையெடுப்பில் மந்தைகள் அழிந்தன, பழைய இனவிருத்தி முறை சிதைந்தது, அல்பாக்காவின் உறவு விலங்கான லாமாவோடு கலப்பு பரவியது. ஒரு மக்கள் சேர்த்துவைத்த அறிவு அறுந்தால் விலங்கின் உடம்பிலேயே அது தெரிகிறது என்பது என்னை இன்றும் கலங்கவைக்கிறது.

நிறத்தின் கதையும் அதைப்போன்றதுதான். வெள்ளை ரோமம் எந்தச் சாயத்தையும் ஏற்கும் என்பதால் வாங்குபவர்கள் வெள்ளையைக் கேட்டார்கள். வண்ண விலங்குகள் குறைந்தன. பெருவின் புனோ பகுதியில் உள்ள கிம்சசாட்டா அரசு ஆய்வு நிலையம் வண்ண அல்பாக்காக்களைத் தனியே காப்பாற்றிவருவது அதனால்தான். நிறத்தைத் துரத்துவதிலும் ஆபத்து உண்டு: வெள்ளையும் சாம்பலும் சேரும்போது சில குட்டிகள் நீலக் கண்ணோடு முழு வெள்ளையாகப் பிறக்கின்றன, அவற்றில் பலவற்றுக்குக் காது கேட்காது. அதைத் தரவிதி எழுதுபவர் கவனிக்காமல் யார் கவனிப்பது?

நோயைப் பற்றியும் அவள் அறிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் ஜெரோனிமோ என்ற ஓர் அல்பாக்கா மாட்டுக் காசநோய்ச் சோதனையில் இருமுறை தொற்று இருப்பதாக வந்து, நான்கு ஆண்டு சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2021-ல் கொல்லப்பட்டது. அல்பாக்காவுக்கு நம்பகமான சோதனை எது என்ற கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. விலங்குநலமும் இப்போது தரத்துக்குள் வந்துவிட்டது. ரோமம் கத்தரிக்கும்போது விலங்கைக் கொடூரமாகக் கையாளும் வீடியோ ஒன்று 2020-ல் பெருவிலிருந்து வெளிவந்தது. மறு ஆண்டே அல்பாக்காவுக்கான பொறுப்புத் தரச்சான்று ஒன்றும் நடைமுறைக்கு வந்தது. பண்ணைகளைத் தணிக்கை செய்ய, விலங்கையும் அறிந்து விதியையும் அறிந்த ஆட்கள் தேவை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. தொழில்தான், ஆனால் குறுகிய தொழில். அல்பாக்காவை மட்டும் நம்பி இடம் தேடினால் பெரு, ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா என்று சில நாடுகளுக்குள் நிற்கும். அதனால் அவளிடம் சொல்லுங்கள்: பட்டம் முடித்ததும் விலங்கு மரபியலில், குறிப்பாக அளவுசார் மரபியலில் (இழைத் தடிமன் போல அளக்கக்கூடிய குணங்களில் பரம்பரையின் பங்கைக் கணக்கிடும் துறை), முதுநிலைப் படிப்பு. கூடவே இழை அளக்கும் ஆய்வகத்தில் சில மாதமாவது பயிற்சி. இந்த இரண்டும் கையில் இருந்தால் செம்மறியிலும், மோஹேர் என்ற ரோமம் தரும் ஆட்டிலும் வேலை செய்யலாம். அல்பாக்கா கதவு திறக்கும்போது அங்கே போகலாம். நடுவர் பயிற்சி பிறகு. அது பெரும்பாலும் முழுநேரச் சம்பளம் தராது. பெரு பக்கம் மனம் இருந்தால் ஸ்பானிஷ் இப்போதே தொடங்கட்டும். மேய்ப்பர்களிடம் பேசாமல் அவர்களுடைய விலங்குக்குத் தரம் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

விலங்கு வாங்க நினைத்த பணத்தை அந்த முதுநிலைப் படிப்புக்கு வைத்திருங்கள். அடுத்த விடுமுறையில் அவளை ஒரு பண்ணைக்கு அனுப்புங்கள், குட்டியோடு படம் எடுக்க அல்ல, ரோமம் கத்தரிக்கும் வாரத்தில், முழு வாரமும். திரும்பி வந்ததும் அவளே எனக்கு எழுதட்டும். அவள் அளந்து பார்த்த எண்களை மறக்காமல் கடிதத்தோடு அனுப்பச் சொல்லுங்கள்.