சாயல்குடியிலிருந்து சென்னை: மதுரையா, வாகைக்குளமா?

கேள்வி: சாயல்குடி பக்கம் எங்கள் ஊர். சென்னையில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மாவை முதன்முறையாக விமானத்தில் அனுப்பப் போகிறோம். மதுரை–சென்னை 420 கி.மீ., 1 மணி நேரம் என்கிறது ஓர் இணையப் பக்கம். டிக்கெட் பார்த்தால் 1 மணி 20 நிமிடம். தூத்துக்குடியிலிருந்து (வாகைக்குளம் விமான நிலையம்) 530 கி.மீ., 1 மணி 40 நிமிடமாம். எது சரி? எங்கே ஏற்றிவிடலாம்?

பதில்: இரண்டு கணக்கும் சரிதான். இணையப் பக்கம் சொல்வது வரைபடத்தில் நூல் பிடித்தது போன்ற நேர்க்கோட்டுத் தூரம். அதை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்கக் கொஞ்சம் சேர்த்து ஒரு நேரத்தைப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தடத்தில் விமானம் ஓடுகிறதா என்றுகூட சில பக்கங்கள் பார்ப்பதில்லை. டிக்கெட்டில் இருப்பது, விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து சென்னையில் போய் நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்க முறை வரும்வரை வானத்தில் வட்டமடிப்பதும் அதில் அடக்கம். நீங்கள் டிக்கெட்டையே நம்புங்கள்.

விமானம் எந்த வகை என்றும் பாருங்கள். ஏடிஆர் என்றால் இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானம். மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் போகும். தூத்துக்குடியில் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்தவரை இந்த மாதிரி விசிறி விமானங்கள்தான் வந்து போயின. இப்போது 3,000 மீட்டருக்கும் அதிகமாக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு வாகைக்குளம் சுமார் 75 கி.மீ.; வேம்பார், குளத்தூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். மதுரை நூறு கி.மீ.க்கு மேல், இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வானத்தில் 20 நிமிடம் கூடினாலும் தரையில் ஒரு மணி நேரம் மிச்சம். டாக்சிக்காரர் காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை கேட்பார். ஆகவே டிக்கெட் விலையில் சில நூறு ரூபாய் வித்தியாசம் என்றால் என் ஓட்டு வாகைக்குளத்துக்கே. மதுரைக்கு உள்ள பலம், ஒரு விமானம் ரத்தானாலும் அடுத்தது கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

உச்சிப்புளியிலேயே ஓடுபாதை இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அது கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து. நமக்கு டிக்கெட் தரமாட்டார்கள். மண்டபம், ராமேஸ்வரம்காரர்கள் மதுரைக்கு ஓடுவதைவிட ராத்திரி ரயிலில் படுத்துத் தூங்கிப் போவதே மேல்.

டிக்கெட்டில் இருக்கும் அந்த நேரத்துக்குப் பண மதிப்பும் உண்டு. விமான நிறுவனம் முன்கூட்டிச் சொல்லாமல் தன் தவறால் விமானத்தை ரத்து செய்தால், 1 மணி நேரத்துக்கு மேல் 2 மணி நேரத்துக்குள் உள்ள பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது இழப்பீடு. டிக்கெட் பணம் தனி. புயல், மூடுபனி என்றால் இழப்பீடு கிடையாது. தாமதம் 2 மணி நேரத்தைத் தாண்டினால், கவுன்டருக்கு நேரத்தோடு வந்தவர்களுக்குச் சாப்பிட ஏதாவது தர வேண்டும். கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மகளுக்கென்று அம்மா கருப்பட்டி கட்டாமல் கிளம்பமாட்டார். உள்நாட்டு விமானங்களில் கவுன்டரில் போடும் சாமானுக்குப் பொதுவாக 15 கிலோதான். கூடினால் கிலோவுக்கு வாங்கும் காசு கருப்பட்டி விலையையே தாண்டிவிடும். வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள்.