கொள்ளுத்தாத்தாவின் கிணற்று வழக்கு: எங்கே தேடுவது?

1930களில் முன்சீப் கோர்ட்டில் நடந்த கிணற்றுப் பங்கு வழக்கின் எண் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நேராக கோர்ட்டுக்குப் போகாதீர்கள். முதலில் அந்த நிலத்தின் பழைய கிரயப் பத்திரங்களைப் பாருங்கள். சொத்து கைமாறி வந்த கதையைச் சொல்லும் பகுதியில் 'அசல் வழக்கு நம்பர் இத்தனை' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த ஒரு வரி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் அந்த கோர்ட்டின் ஆவண அறையில் நகல் மனு போடுங்கள். நீங்கள் வழக்கின் தரப்பினர் இல்லை என்பதால், வாரிசு என்பதையும் காரணத்தையும் சொல்லி அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) வைக்க வேண்டும். 1917 ஆவண அழிப்புச் சட்டப்படி பழைய வழக்குக் கட்டுகளை அழித்துவிடுவது உண்டு; சாட்சி வாக்குமூலம் போயிருந்தாலும் தீர்ப்பு தப்பியிருக்கலாம். அதையாவது விடாதீர்கள், யாருக்கு எந்த நாள் தண்ணீர் முறை என்பது வரை அதில் எழுதியிருக்கக்கூடும்.