வயதான ஹெவிவெயிட் சாம்பியனின் 'கம்பேக்' சண்டை என்றால் என்ன? அது ஏன் அவ்வளவு கஷ்டம்?

குத்துச்சண்டையில் ஹெவிவெயிட், அதாவது சுமார் 90 கிலோவுக்கு மேற்பட்ட எடைப்பிரிவில் பட்டம் வென்று ஓய்வு பெற்றவர், பல வருடம் கழித்து மறுபடி வளையத்துக்குள் இறங்குவதுதான் கம்பேக் சண்டை. வயதானால் முதலில் போவது கைபலம் இல்லை, அடி வருவதைப் பார்த்துத் தலையை விலக்கும் அந்த வேகம்தான், அப்புறம் கால்.

மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பெரியவரைப் பாருங்கள். வெங்காய மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடுவார், ஆனால் குறுக்கே ஒரு தள்ளுவண்டி திரும்பினால் கண் பார்த்துவிடும், கால் அரை நொடி தாமதமாகத்தான் நகரும். வளையத்தில் அந்த அரை நொடிக்குள் இரண்டு குத்து விழுந்துவிடும்.

1994இல் 45 வயது முன்னாள் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேன் புள்ளியில் பின்தங்கியிருந்தும் 10ஆவது ரவுண்டில் ஒரே வலது குத்தில் பட்டத்தைப் பிடித்தார். உண்மைதான், பலம் மிச்சம் இருந்தது. ஆனால் 2024இல் 58 வயது முன்னாள் சாம்பியன் மைக் டைசன், யூடியூபராக இருந்து குத்துச்சண்டைக்கு வந்த இளைஞர் ஜேக் பாலுடன் மோதியபோது ரவுண்டை 2 நிமிடமாகக் குறைத்து, வழக்கத்தைவிடப் பெரிய 14 அவுன்ஸ் கையுறை கொடுத்தும், ஆரம்பத்தில் சீறியவருக்குக் கால் ஓய்ந்து புள்ளியில் தோல்விதான். பார்க்கவே மனசு கனத்தது.

கையுறை பெரிதானால் தலைக்கு ஆபத்தில்லை என்பது தவறு: தோல் கிழிவது குறையலாம், மண்டைக்குள் மூளை அதிர்வது நிற்காது.