சுகததாச அரங்கில் நாங்கள் அறுபது பேர்

கேள்வி: எதிரணியின் மைதானத்தில், அவர்களுடைய ரசிகர்களுக்கு நடுவில் இருந்து உங்கள் அணியின் உதைபந்தாட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

பார்த்திருக்கிறேன். அதுவும் நான் பதினொரு வருடமாக வேலை செய்கிற கொழும்பிலேயே.

எங்கள் ஊர் யாழ்ப்பாணக் கரையோரம். குருநகர், பாசையூர், நாவாந்துறை என்று அந்தப் பக்கம் எங்கே போனாலும் ஒரு கழகம் இருக்கும், அந்தக் கழகத்துக்காகச் சாப்பாட்டை மறக்கிற சனமும் இருக்கும். துரையப்பா அரங்கில் எங்கள் கழகத்துக்கு இறுதியாட்டம் என்றால் அன்றைக்கு ஊரில் பாதி வள்ளம் கடலுக்குப் போகாது. அப்படி வளர்ந்தவனுக்கு ‘எதிரணி ரசிகன்’ என்றால் என்னவென்றே தெரியாது. அங்கே நாங்கள்தானே கூட்டம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விலகல் முறைத் தொடரில் எங்கள் பெடியன்களுக்குக் கொழும்புக் கழகம் ஒன்றோடு ஆட்டம் விழுந்தது. இடம் சுகததாச அரங்கு. ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர் இரவு முழுக்க பஸ்ஸில் வந்து, ஒரு மண்டபத்தில் பாய் விரித்துக் கொஞ்சம் கண்ணயர்ந்து, பிற்பகல் வெயிலில் இறங்கினார்கள். வெளியூர் அணி என்றால் முதலில் இந்தக் களைப்புத்தான். ஆட்டம் தொடங்கும்போதே கால்கள் பாதி ஓடி முடித்திருக்கும். கொழும்பு அணிகளை எதிர்த்து வடக்கு அணி தோற்றால் ‘ஸ்டாமினா இல்லை’ என்று எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது அந்த பஸ்ஸில் வந்து பார்க்க வேண்டும்.

நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வெள்ளவத்தையிலிருந்து போனேன். ஊரிலிருந்து வந்தவர்களும் கொழும்பில் இருப்பவர்களுமாகச் சேர்ந்து அறுபது பேர் இருந்திருப்போம். லண்டனில் இருக்கிற என் மச்சான் சொல்வான், அங்கே பிரீமியர் லீக்கில் வருகிற அணியின் ரசிகர்களுக்கு மூவாயிரம் இருக்கை வரை ஒதுக்க வேண்டும், 2016இலிருந்து அவர்களுடைய டிக்கெட் 30 பவுணுக்கு மேல் போகக் கூடாது என்று. நடுவில் ஊழியர்கள் நின்று இரண்டு பக்கத்தையும் பிரித்து வைப்பார்களாம். எங்களை யாரும் பிரிக்கவில்லை. காலியாக இருந்த படிகளில் ஏறி உட்கார்ந்தோம். மேலே, கீழே, பக்கத்தில் எல்லாம் அவர்கள். மேளமும் எக்காளமுமாக அவர்களுடைய பப்பரே வாத்தியம் எங்களுக்கு நாலு வரிசை பின்னால்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

2009க்கு முன் கொழும்பில் இருந்த தமிழருக்கு இது தெரியும். சோதனைச் சாவடி கிட்ட வந்தால் பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிடும். போனில் அம்மா என்றால் ‘பிறகு எடுக்கிறேன்’ என்று வைத்துவிடுவோம். நான் அப்போது சிறுவன், பெரியம்மா வீட்டுக்கு லீவில் வந்துபோவேன். ரோட்டில் சத்தமாகப் பேசினால் பெரியம்மா கையைக் கிள்ளுவார். சண்டை முடிந்து இத்தனை காலம் ஆகியும் அந்தக் கிள்ளு என் தொண்டையில் இருந்தது. வெளியே தமிழில் பேசுவேன், ஆனால் மெதுவாக.

அன்றைக்கும் முதல் இருபது நிமிடம் வாய் திறக்காமல்தான் இருந்தேன். எங்கள் முன்கள வீரனின் அம்மா மட்டக்குளியில் மகள் வீட்டில் தங்கியிருந்தவர், எனக்கு முன் வரிசையில் இருந்தார். மகன் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினான். அவர் எழும்பி, “ஓடு ராசா, விடாதை, ஓடு!” என்று கத்தினார். அரங்கில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. அப்புறம் நானும் எழும்பிவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கொழும்பில் அவ்வளவு சத்தமாகத் தமிழ் பேசியது அதுதான் முதல் தடவை.

சுகததாசவில் படிகளுக்கும் புல்லுக்கும் நடுவே ஓட்டப்பாதை இருக்கிறது. துரையப்பாவில் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கத்திப் பழகியவர்களுக்கு அந்தத் தூரம் பெரிய இடைஞ்சல். தனித்தனியாகக் கத்தினால் போய்ச் சேராது. அதனால் எல்லோரும் சேர்ந்து வீரர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினோம். இடைவேளைக்குப் பிறகு நாங்கள் கோல் போட்டோம். பப்பரே நின்றது. முழு அரங்கிலும் எங்கள் அறுபது பேரின் சத்தம் மட்டும். சொந்த ஊரில் ஆயிரம் பேரோடு கத்தினபோதுகூட என் குரல் எனக்கு அப்படிக் கேட்டதில்லை.

பக்கத்தில் இருந்த சிங்கள ஐயா ஒருவர், “யாப்பனேத மல்லி?” (யாழ்ப்பாணமா தம்பி?) என்று கேட்டு, கையிலிருந்த கடலைச் சுருளை நீட்டினார். அவருக்கு எழுபது வயது இருக்கும். 1995இல் இலங்கை இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த கதையை, அந்தக் கோலைக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் பற்றி நான் சொன்னேன். இலங்கை அணிக்கு ஆடிய அந்தப் பிள்ளை 2022இல் மாலைதீவில் இறந்துபோனான். ஐயாவுக்கும் அவனைத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கால்கள் விட்டுவிட்டன. இரண்டு கோல் வாங்கி 2-1 என்று தோற்றோம். இரண்டாவது கோலுக்கு ஐயா எழும்பித் துள்ளினார், எனக்கு அழுகை வந்தது. விசில் ஊதியதும் பெடியன்கள் நேரே உடை மாற்றப் போகவில்லை. ஓட்டப்பாதையைக் கடந்து எங்கள் படிகளுக்குக் கீழே வந்து நின்று கை தட்டினார்கள். வென்ற நாட்களில் துரையப்பாவில்கூட அப்படி வந்ததில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போங்கள், பிற்பகல் வெயில் கொடுமை. தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராவது சேர்ந்து ஒரே இடத்தில் இருங்கள், இல்லாவிட்டால் குரல் ஓட்டப்பாதையைத் தாண்டாது.

இரவு புறக்கோட்டையில் பஸ் ஏற்றிவிடப் போனேன். அந்த அம்மா இடியப்பப் பார்சல்களை யன்னல் வழியாக ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். மகனுக்குக் கடைசியாகக் கொடுத்தார். “சாப்பிட்டிட்டுப் படு ராசா” என்றார். அவருடைய தொண்டையும் அடைத்திருந்தது, என்னுடையதும்.