எஸ்டிமேட்டில் விட்டுப்போகும் செலவுகள்: கேள்வி பதில்

கட்டுமான மதிப்பீட்டு வேலையில் 26 வருடமாக இருக்கிறேன். அரசு வேலை, தனியார் வேலை இரண்டும் பார்த்தாயிற்று. வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

சார், 1,200 சதுர அடியில் வீடு கட்டப் போகிறோம். மேஸ்திரி சதுர அடிக்கு 2,300 சொல்கிறார், இன்ஜினியர் 2,800 சொல்கிறார். மேஸ்திரியிடமே கொடுத்துவிடலாமா?

இருவரும் ஒரே வீட்டுக்குத்தான் விலை சொன்னார்களா என்று முதலில் பாருங்கள் அம்மா. போர்டிகோ சதுர அடிக் கணக்கில் வருமா? செப்டிக் டேங்க், சம்ப், காம்பவுண்டு சுவர், இ.பி. கனெக்‌ஷன் யார் செலவு? அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் வரை அந்த ரேட்? கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். 5 அடிக்கு ரேட் பேசி, 8 அடியில்தான் கெட்டி மண் கிடைத்தால் மீதி 3 அடிக்குத் தனி பில் வரும். என்னென்ன வேலை, எவ்வளவு அளவு என்று ஒரே பட்டியலை எழுதி, விலையை மட்டும் காலியாக விட்டு இருவரிடமும் கொடுங்கள். பூர்த்தியாகி வரும்போது வித்தியாசம் எங்கே என்று தெரிந்துவிடும்.

அண்ணா, எங்கள் ஆபீஸில் எல்லா எஸ்டிமேட்டிலும் எதிர்பாராச் செலவுக்கு 3% போடுகிறோம். அது போதுமா?

தம்பி, அந்த 3% அளவில் வரும் சில்லறை ஏற்ற இறக்கத்துக்குத் தாங்கும். மண்ணுக்குள் இருப்பதற்குத் தாங்காது.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் ஒரு கட்டடம். மண் பரிசோதனைக்கு இரண்டு இடத்தில் துளை போட்டோம், இரண்டும் வண்டி போக வசதியான ஓரங்கள். நடுவில் ஒரு குழி தோண்டும்போது கடப்பாரை கையழுத்தம் இல்லாமலே உள்ளே போனது. மேலே வந்தது ஓட்டுச் சில்லும் சாம்பல் கலந்த மண்ணும். வேலி ஓரம் நின்ற பெரியவர், "அங்கன கிணறுல்லா இருந்துச்சு" என்றார். தூர்ந்துபோன கிணறு! அதைத் தாண்டி பீம் போட்டு, பக்கத்துத் தூண்களை மாற்றி, மூன்று வாரம் போயிற்று. அந்த நிலத்தின் சர்வே வரைபடமான புலப்படத்தை வாங்கிப் பார்த்திருந்தால் கிணறு அதிலேயே இருந்தது. தப்பு என்னுடையதுதான்.

அதிலிருந்து மொத்தமாக ஒரு சதவீதம் போடுவதை விட்டுவிட்டேன். பாறை, பழைய கிணறு, ஊற்றுநீர், கம்பி விலை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதி, வந்தால் எவ்வளவு, யார் தலையில் என்று பக்கத்தில் குறித்துவிடுவேன். பாறை வர நாலில் ஒரு வாய்ப்பு, வந்தால் 8 லட்சம் என்றால் 2 லட்சம் ஒதுக்கச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. நூறு வேலை எடுப்பவருக்கு அது சரி, ஒன்றில் போனது இன்னொன்றில் நேராகிவிடும். ஆயுசுக்கு ஒரே வீடு கட்டுபவருக்குச் செலவு ஒன்று பூஜ்யம், இல்லையேல் 8 லட்சம். சரியாக 2 லட்சம் என்ற செலவு அவருக்கு வரவே வராது. அவர் துளை போட்டுப் பார்த்துவிடுவதுதான் மலிவு.

அளவைச் சட்டென்று சரிபார்க்க வழி உண்டா? (டிப்ளமோ மாணவர்)

கம்பியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89. சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றும் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு சிமெண்ட் ஏறக்குறைய 8 மூட்டை. மணலில் கவனம் வேண்டும். ஈரம் 5% இருந்தாலே கால் பங்கு உப்பிக் காட்டும், பொடி மணல் என்றால் இன்னும் அதிகம். கண்ணாடி ஜாடியில் ஈர மணலைக் கொட்டி மட்டத்தைக் குறித்துக்கொண்டு, தண்ணீர் விட்டுக் கலக்கிப் படியவிடுங்கள். இறங்கின அளவு, நீங்கள் காசு கொடுத்து வாங்கின காற்று.

பெரிய நிபுணர்கள் இருந்தும் பெரிய திட்டங்கள் ஏன் பல மடங்கு எகிறுகின்றன?

சிட்னி ஓபரா ஹவுஸைப் பாருங்கள். 1957-இல் போட்ட மதிப்பு, ஆஸ்திரேலிய டாலராக மாற்றிச் சொன்னால் 70 லட்சம். 1973-இல் திறந்தபோது ஆன செலவு 10 கோடியே 20 லட்சம். கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகாமலே 1959-இல் அடித்தள வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கூரையின் எடையைத் தூண்கள் தாங்காது என்று பிறகு தெரிந்து, அவற்றை மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. வரைபடம் முடியாத வேலைக்குப் போடும் மதிப்பு வெறும் ஊகம்தான், யார் போட்டாலும்.

கம்பி விலை நடுவில் ஏறினால் நஷ்டம் ஒப்பந்ததாரருக்குத்தானா?

ஒப்பந்தத்தில் விலை மாற்றத்துக்குப் பிரிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விலையை ஒப்பிட அடிப்படை மாதம் எது, எந்த விலைக் குறியீட்டின்படி கணக்கு என்று தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்றம் ஒப்பந்ததாரர் பொறுப்பு, அதை ரேட்டில் சேர்த்தே போட வேண்டும்.

அஸ்திவாரத்தை ஐப்பசியில் தொடங்கலாம் என்று வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள்.

பூஜையை அன்றைக்கே போடுங்கள். குழி தோண்டுவதைத் தையில் வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு மழையில் திறந்து கிடக்கும் குழியின் கரை சரியும், அடிமண் ஊறிச் சேறாகும். அந்தச் சேற்றை அள்ளிப் புதுசாக நிரப்பும் கூலி எந்த எஸ்டிமேட்டிலும் இருக்காது.