எனக்கு 16 வயது. மலேசியாவில் பெற்றோரிடமிருந்து சட்டப்படி விலகித் தனியாக வாழ மனு போட முடியுமா?

தம்பி, நீங்கள் தேடும் அந்த மனு மலேசியாவில் கிடையாது. இணையத்தில் நீங்கள் படித்தது அமெரிக்கச் சங்கதியாக இருக்கும். கலிபோர்னியாவில் 14 வயது நிறைந்த பிள்ளை, பெற்றோர் சம்மதத்தோடு வேறு இடத்தில் தங்கி, தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொண்டால், நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பெரியவர்களுக்குள்ள உரிமைகளில் பலவற்றை வாங்கிவிடலாம். நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது என்று கோடு போட்டதோடு சரி. அதற்கு முன்னால் தாண்டிப் போக வழி வைக்கவில்லை.

நான் சுங்கை சிப்புட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருக்கிறேன். வக்கீல் இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து இதே கேள்வியைக் கேட்கும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் என்ன நடக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். வழி அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அடி, பட்டினி, தகாத தொடுகை, கவனிப்பே இல்லாத நிலை என்றால் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் இருக்கிறது. அதன் 17-ஆவது பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடக்கும் சண்டை குடும்பத்தையே குலைத்து, பிள்ளையின் மனதைக் காயப்படுத்தும் அளவுக்குப் போனால், அந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்புத் தேவை என்று அது சொல்கிறது. உடம்பில் தழும்பு இருந்தால்தான் புகார் எடுபடும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு படிவம் நான்கு மாணவி சீருடையோடு வந்து உட்கார்ந்தாள். அம்மா இல்லை. அப்பாவுக்குச் செம்பனைக் குலை வெட்டும் வேலை, சாயங்காலமானால் சம்சு என்ற மலிவுச் சாராயம். பிளாஸ்டிக் பையில் பிறப்புப் பத்திரமும் பள்ளி ரிப்போர்ட் கார்டும் வைத்திருந்தாள். ஐ.சி., அதாவது அடையாள அட்டை, அப்பாவிடம். "எனக்கு யாரும் வேணாங்க்கா, ஒரு ரூம் கிடைச்சா போதும்" என்றாள். 18 ஆகாதவர் போடும் வாடகை ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது, அவளை நம்பி யார் ரூம் கொடுப்பார்கள்? ஆனால் ஈப்போவில் சித்தி இருந்தார். நாங்கள் சமூகநல இலாகாவுக்குத் தகவல் கொடுத்தோம். அதிகாரி வந்து பள்ளியிலும் பக்கத்து லயத்திலும் விசாரித்துப் போனார். கடைசியில் சிறார் நீதிமன்றம் அவளைச் சித்தியின் பொறுப்பில் விட்டது. அன்றைக்கு அப்பா தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இங்கே சட்டம் கொடுப்பது இவ்வளவுதான். உங்களை யாருக்கும் கட்டுப்படாதவராக ஆக்காது, உங்களுக்குப் பொறுப்பான ஆளை மாற்றிக் கொடுக்கும். 16 வயதில் உங்களுக்கு அது கசப்பாக இருக்கும். ஆனால் மாதா மாதம் ரூம் வாடகையும் கட்டி எஸ்.பி.எம். பரீட்சையும் எழுதப் பார்ப்பதைவிட, நம்பிக்கையான ஒரு சித்தி வீடு எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. நம்பகமான உறவினர் யாராவது இருந்தால், அவர் 1961-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். அதற்கு வக்கீல் வேண்டியிருக்கும். பாதுகாவலர், திருமணம் பற்றி நான் சொல்வதெல்லாம் முஸ்லிம் அல்லாதவர்களை மனதில் வைத்துத்தான். அவற்றில் முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம் தனி.

வீட்டில் பிரச்சினை அப்பா சம்பளத்தைப் பிடுங்குவதுதான் என்றால் கதையே வேறு. 1966-ஆம் ஆண்டுச் சிறார், இளையோர் வேலைச் சட்டப்படி, 18 ஆகாதவரும் தன் பெயரிலேயே வேலை ஒப்பந்தம் செய்யலாம். முதலாளி ஏமாற்றினால் பெற்றோர் துணையில்லாமல் வழக்கும் போடலாம். ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கும்போது உங்கள் சம்பளத்தை அப்பா கையில் கொடுக்க உங்கள் முதலாளிக்கு ஒரு காரணமும் இல்லை, அவரிடம் அதைச் சொல்லிவையுங்கள்.

அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார் என்பது மட்டும்தான் சிக்கலா? பாதுகாவலர் சட்டத்தில் 1999-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அம்மாவுக்கும் சம உரிமை உண்டு. அவரைக் கேட்டுப் பாருங்கள்.

கல்யாணம் பண்ணிக்கொண்டால் விடுதலை என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆணுக்கு 18-க்குக் கீழே திருமணமே செல்லாது. 16 முடிந்த பெண்ணுக்கு மந்திரி புசாரின், அதாவது மாநில முதல்வரின், சிறப்பு அனுமதி வேண்டும். 21 வரைக்கும் பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

சொல்லாமல் வீட்டைவிட்டு ஓடினால் இன்னொரு ஆபத்து. சிறார் சட்டத்தின் 46-ஆவது பிரிவின்படி, பிள்ளை கட்டுப்பாட்டில் இல்லை என்று பெற்றோரே சிறார் நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்புறம் கதையை அவர்கள்தான் முதலில் சொல்லியிருப்பார்கள். அதனால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். 15999 என்ற அரசாங்க உதவி எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். உங்கள் கேள்வியில் வீட்டு விஷயம் ஒரு வரிகூட இல்லை. அதை இங்கே எல்லாரும் படிக்கும்படி எழுத வேண்டாம், அந்த எண்ணில் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஐ.சி.யையும் பிறப்புப் பத்திரத்தையும் படம் எடுத்து, நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவையுங்கள்.